சேர்மன் முத்திரையிட்ட கெளுத்தி

அந்த ஜூலையில் புனேயை ஒட்டிய நிக்டியில் விடாத மழை. பால்கனியில் காயப்போட்ட துணி மூன்றாம் நாளும் ஈரமாகவே தொங்கியது. குழாயில் மட்டும் தண்ணீர் இல்லை. காலை ஆறு மணிக்குத் திறப்பார்கள், ஏழு அடிப்பதற்குள் நின்றுவிடும். எங்கள் குடியிருப்பின் கைபேசிக் குரூப்பில் யாரோ ஒருவர், 'வெளியே கொட்டுது, உள்ளே சொட்டுது' என்ற பொருளில் மராத்தியில் எதுகையோடு இரண்டு வரி எழுதிப் போட்டார். அரை மணி நேரத்தில் நாற்பது பேர் சிரித்த முகங்களை அனுப்பினார்கள். அடுத்த செய்தி குடியிருப்புச் சங்கத்தின் சேர்மனிடமிருந்து வந்தது. இனி இந்தக் குரூப்பில் நிர்வாகக் குழு மட்டுமே எழுதும், மற்றவர்கள் படிக்கலாம்.

மறுநாள் கீழே இருந்த நோட்டீஸ் போர்டுக்குக் கண்ணாடிக் கதவு வந்தது. கதவில் ஒரு பூட்டும் தொங்கியது.

எங்கள் சேர்மன் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எடை, அளவுகளைச் சோதிக்கும் அரசுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கடைத் தராசுகளுக்கு முத்திரை குத்திய கை, வீட்டில் சும்மா இருக்க மறுத்தது. குடியிருப்பின் வால்வுகள், மோட்டார் அறை, மொட்டை மாடி எல்லாவற்றின் சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டிருப்பார். அவர் வருவதற்கு முன்னால் சாவிச் சத்தம் வரும். மேல் உதட்டின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய மீசை கீழே வழிந்து முகவாய் வரை இறங்கியிருக்கும். தண்ணீரை அதிக நேரம் திறந்துவிட்டால் நாங்கள் வீணாக்கிவிடுவோம் என்பது அவருடைய முடிவு என்று நினைத்தோம். தாமே விடியற்காலையில் எழுந்து வால்வைத் திறந்து, தாமே ஏழு மணிக்கு ஏறிப் போய் மூடுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

புகார் சொல்ல ஒரு வழி வைத்திருந்தார். அலுவலகத்தில் படிவம் வாங்கிப் பூர்த்தி செய்து தர வேண்டும். நான் இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் படிவம் தீர்ந்துபோயிருந்தது.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போசரியில் உள்ள தொழிற்சாலைகளுக்கு ஜப்பானிலிருந்து பொறியாளர்கள் வரும்போது மொழிபெயர்ப்பது என் வேலை. அவர்கள் சொல்வதை இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும், இவர்கள் சொல்வதைக் கோபத்தைக் கழித்துவிட்டு ஜப்பானிய மொழியில் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர்க்காரிக்கு ஜப்பானிய மொழி எப்படி என்று எல்லோரும் கேட்பார்கள். கல்யாணமாகிப் புனேக்கு வந்த புதிதில் மராத்தி கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு பள்ளிக்குப் போனேன். அந்த வகுப்பில் இடம் இல்லை. எதிர் அறையில் ஜப்பானிய வகுப்பில் நாலு நாற்காலி காலியாக இருந்தது. அவ்வளவுதான். மராத்தியைப் பிறகு காய்கறிக்காரர்களிடம் கற்றுக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்தில் தொழிற்சாலையில் வேலை குறைவு. நகரத்துக்குள் ஒரு கூடத்தில் ஜப்பானிய மரக்கட்டை அச்சு பற்றி நான்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். மரப்பலகையில் படத்தைச் செதுக்கி, மையைத் தடவி, மேலே காகிதத்தை வைத்து ஒரு வட்டத் தட்டால் தேய்த்து எடுப்பது. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. நகக்கண் எல்லாம் நீல மை.

முதல் வகுப்பில் அவள் பழைய அச்சுகளைத் திரையில் காட்டினாள். ஒரு காலத்தில் அங்கே ஆட்சியாளர்களை வரையக் கூடாது, நாட்டு நடப்பைப் பற்றி மூச்சு விடக் கூடாது, பிரபலமான நடிகர்களைக்கூட வரையக் கூடாது என்று உத்தரவு போட்டார்களாம். ஓவியர்கள் சரி என்று சொல்லிவிட்டு மீன்களையும் பூனைகளையும் பூதங்களையும் வரைந்தார்கள். மீனுக்கு ஒரு குறிப்பிட்ட நடிகரின் புருவம் இருக்கும். பூதத்தின் அங்கியில் ஒரு மந்திரியின் குடும்பச் சின்னம் இருக்கும். வாங்குகிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் இது யார், அது யார் என்று கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். அதிகாரி வந்து கேட்டால், 'ஐயா, இது மீன்.'

"பெரிய நிலநடுக்கம் ஒண்ணு வந்தப்போ கெளுத்தி மீனை வச்சு நூத்துக்கணக்குல படம் போட்டாங்க" என்றாள். பூமிக்கு அடியில் ஒரு ராட்சதக் கெளுத்தி புரண்டால்தான் நிலம் நடுங்கும் என்பது அங்கே நம்பிக்கை. அந்தப் படங்களில் ஜனங்கள் கெளுத்தியைப் போட்டு உதைத்தார்கள். வீடு கட்டும் தச்சர்கள் மட்டும், வேலை கிடைத்த சந்தோஷத்தில், அதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஓர் அச்சின் ஓரத்தில் சின்ன வட்ட முத்திரை ஒன்று என் கண்ணில் பட்டது. அதற்குள் இருந்த எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். போசரியில் நான் போகிற எல்லாத் தொழிற்சாலைச் சுவரிலும் கைசன், கைசன் என்று எழுதி வைத்திருப்பார்களே, இன்னும் சிறப்பாகச் செய் என்று, அந்தச் சொல்லின் முதல் எழுத்து. இங்கே அதற்கு வேறு பொருள். அதிகாரி பார்த்துச் சோதித்தாயிற்று, விற்கலாம்.

"அப்ப கேலிப் படத்துலயும் இந்த முத்திரை இருக்குமா?" என்று கேட்டேன்.

"இருக்கும். அவங்களுக்குப் புரியாம குத்திக் கொடுத்திருப்பாங்க. சிலது புரிஞ்சும்" என்று அவள் சிரித்தாள்.

அன்று பேருந்தில் திரும்பும்போது என் பக்கத்தில் இருந்தவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகஸ்டில் குடியிருப்புக் குரூப்பில் ஒரு சுற்றறிக்கை வந்தது. கணபதி விழாவையொட்டிப் பந்தலில் ஓவியக் கண்காட்சி நடக்கும். யார் வேண்டுமானாலும் படம் வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு படத்தையும் முன்கூட்டியே அலுவலகத்தில் காட்டிச் சேர்மனின் முத்திரையைப் பெற வேண்டும். நிர்வாகக் குழுவினரின் உருவம், அரசியல், புகார் ஆகியவை கண்டிப்பாகக் கூடாது.

நான் அதைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். அவர் வங்கியில் வேலை செய்கிறவர். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் முதலில் பயப்படுவது அவர் வழக்கம்.

"உம் மூஞ்சியே சரியில்ல அம்மிணி. என்ன பண்ணப் போறே?"

"மீன் வரையப் போறேனுங்க."

"வெறும் மீனா?"

"கெளுத்தி."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நம்ம வண்டிய இப்பத்தான் கூரைக்கு அடியில போட எடம் குடுத்திருக்காரு. அதைக் கெடுத்துப்போடாதே, சொல்லிப்போட்டேன்."

கெளுத்தியை நான் நேரில் பார்த்து வரைய வேண்டும் என்றேன். அதற்கு மட்டும் உடனே ஒத்துக்கொண்டார், மீன் என்றால் அவருக்கு எந்தப் பயமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடக்வாஸ்லா போனோம். அணைக்குப் போகும் சாலையில் ஒரு பெண் தார்ப்பாயின் கீழ் மீன் வைத்திருந்தாள். பெரிய கெளுத்தி ஒன்று வாயை அகலத் திறந்துகொண்டு கிடந்தது. சேர்மன் சுற்றறிக்கை படிக்கும்போது இரண்டாவது பத்தியில் மூச்சு வாங்க நிறுத்துவாரே, அதே வாய். மீசையும் அதே வாட்டத்தில். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வரைய ஆரம்பித்தேன்.

"வாங்க வந்தீங்களா, போட்டோ பிடிக்க வந்தீங்களா?" என்று அவள் மராத்தியில் கேட்டாள்.

"ரெண்டும்" என்றார் கணவர். மதியம் மாடலைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம்.

சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டு ப்ளைவுட்டை வைத்துப் பதினைந்து நாள் செதுக்கினேன். மேலே தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் கெளுத்தி, மல்லாந்து, சுகமாக. தொட்டிக்குக் கீழே சின்னச் சின்ன மீன்கள் வாளியோடு வரிசையில். ஓரத்தில் மூன்று தவளைகள், ஒவ்வொன்றின் வாயிலும் பூட்டு. கெளுத்தியின் துடுப்பில் ஒரு வளையம், வளையத்தில் சாவிகள். சேர்மனின் முகத்தை எங்கும் போடவில்லை. சாவி போதும் என்று நினைத்தேன். பக்கவாட்டில் செங்குத்தாக ஜப்பானிய எழுத்தில் தலைப்பு: 'ஆறிலிருந்து ஏழு வரை.' மரத்தில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும், அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும். எழுத்துகளைக் கண்ணாடியில் காட்டிக் காட்டிச் சரிபார்த்தேன். கீழே இடது மூலையில் ஓர் உள்ளங்கை அளவு இடத்தை வெறுமையாக விட்டேன்.

காலேஜில் படிக்கும் மகள் முதல் அச்சைத் தூக்கிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் பாதி, இந்தி பாதி.

"அம்மா! இது பக்கா அவர்தான். ஸப்கோ தெரிஞ்சுடும், எல்லாருக்கும்."

"அவருக்குத் தெரியுமா?"

அவள் யோசித்தாள். "அவருக்கு மட்டும் தெரியாது" என்றாள்.

முத்திரைக்குப் போன அன்று எனக்குப் பயமாக இருந்தது. தொழிற்சாலையில் கத்துகிற இரண்டு மேலாளர்களுக்கு நடுவே உட்கார்ந்து மொழிபெயர்த்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லை. அலுவலகம் என்பது தரைத்தளத்தில் மின்சார மீட்டர்களுக்குப் பக்கத்தில் ஓர் அறை. சேர்மன் படத்தை வாங்கி மேசையில் விரித்து, இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். பழைய உத்தியோகத்தின் பழக்கம். மூலையிலிருந்து மூலைக்கு, ஓர் அங்குலம் விடாமல் பார்த்தார்.

"ஜப்பான் பாணியா வஹினி?" என்னை அவர் எப்போதும் வஹினி என்றுதான் கூப்பிடுவார், அண்ணி என்று. பேச்செல்லாம் மராத்தியில்.

"ஆமா சாஹேப். அங்கே கெளுத்தி ரொம்ப முக்கியம். அது புரண்டாத்தான் பூமி நடுங்கும்."

"பூமிக்கு அடியில இருக்கறது தொட்டி மேல எப்படி வந்துச்சு?"

"ஏறிடுச்சு சாஹேப்."

அவர் தலையாட்டினார். "மீன் எதுக்கு வாளி வச்சிருக்கு?"

"தண்ணி இல்லாம மீன் எப்படி இருக்கும்?"

"சரிதான். தவளைக்கு எதுக்குப் பூட்டு?"

"மழைக்காலத்துல தவளைச் சத்தம் தாங்க முடியறதில்லையே சாஹேப்" என்றேன்.

"அதைச் சொல்லுங்க!" என்று மேசையைத் தட்டினார். "எங்க படுக்கையறைக்குப் பின்னாடிதான் அந்தச் சாக்கடை. தினமும் இதே கூத்து. பூட்டுதான் போடணும்." பிறகு தலைப்பைத் தொட்டார். "இது என்ன எழுதியிருக்கு?"

"காலை நேரத்தைப் பத்தி" என்றேன். பொய்யும் இல்லை.

"ஃபார் சான்" என்றார், ரொம்ப அழகு என்று. முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் ஒற்றினார். எங்கே குத்துவது என்று அவர் கை காற்றில் நின்றது. நான் இடது மூலையைக் காட்டினேன்.

"முத்திரைக்குன்னே இடம் விட்டிருக்கீங்களா?" அவர் முகம் மலர்ந்தது. "இந்த ஒழுங்கு யாருக்கு வரும் வஹினி! நம்ம ஆளுங்க கணபதி தும்பிக்கை மேலேயே குத்தச் சொல்றாங்க."

ஊதா மையில் வட்டமாக விழுந்தது: அனுமதிக்கப்பட்டது, சேர்மன். நான் மாடிப்படியில் ஏறி இரண்டாம் தளம் வரும் வரைக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பந்தலில் படத்தை மாட்டியதும் முதலில் வந்து நின்றவர் தரைத்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் பெண்மணி. நிதானமாகப் பார்த்தார். தொட்டி, வாளி, தவளை. சாவிக்கு வந்ததும் கழுத்து முன்னே நீண்டது. அதற்குப் பிறகு முத்திரையைப் பார்த்தார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பந்தலுக்கு வெளியே ஓடினார். பத்து நிமிடத்தில் நாலு பேரோடு திரும்பி வந்தார். யாரும் யார் பேரையும் சொல்லவில்லை. "மீன் நல்லா இருக்கு" என்றார் ஒருவர். "உயிரோட இருக்கற மாதிரி இருக்கு" என்றார் இன்னொருவர். "இப்பத்தான் மொட்டை மாடியில பார்த்தேன்" என்றார் மூன்றாமவர்.

அன்று மாலை சேர்மன், பக்கத்துக் குடியிருப்பின் சேர்மனை அழைத்துக்கொண்டு வந்தார். நேராக என் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். "ஜப்பான் கலை. நம்ம குடியிருப்புலயே செஞ்சது. பொருள் புரியுதா? தண்ணியைப் பதுக்கறவங்களைச் சொல்லுது. எங்க ஏ கட்டடத்து மேல்மாடியில ஒருத்தர் தனியா டிரம் வச்சு நிரப்பிக்கறார். அவரைப் பார்த்தா இந்த மீன்தான்." சொல்லும்போது கையை வீசினார். இடுப்பில் சாவிக்கொத்து கலகலவென்று ஆடியது. சுற்றி நின்ற பதினைந்து பேரும் பந்தலின் கூரைத் துணியை அவ்வளவு கவனமாக ஆராய்ந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. டிரம் வைத்திருந்த ஏ கட்டடத்துக்காரரும் அந்தப் பதினைந்தில் ஒருவர்.

விழா முடிந்த பிறகு தங்களுக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று ஆள் மாற்றி ஆள் வர ஆரம்பித்தார்கள். பலகை இருக்கிறது, மை இருக்கிறது, தேய்த்தால் வரும். ஞாயிறுதோறும் உட்கார்ந்து அச்செடுத்தேன். வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் கதவில் கெளுத்தி ஏறியது. அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. பல் டாக்டர் தன்னுடைய பிரதியை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், "முத்திரை இல்லாம வீட்டுல மாட்டலாமான்னு தெரியல சாஹேப்" என்று மிகப் பணிவாகக் கேட்டிருக்கிறார். சேர்மன் மனம் குளிர்ந்து குத்திக் கொடுத்திருக்கிறார். செய்தி பரவியது. அதன்பிறகு முத்திரை இல்லாத பிரதிக்கு மதிப்பே இல்லை. முப்பது பேராவது வரிசையில் நின்று வாங்கிவந்தார்கள். அவரும் ஒவ்வொன்றையும் இடது மூலையில், நேராக, அக்கறையோடு குத்தினார்.

குழந்தைகள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தார்கள். சாவிச் சத்தம் கேட்டதும் "மாசா ஆலா!" என்று கத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் ஒளிவார்கள். மீன் வருது என்று. சேர்மன் சிரித்துக்கொண்டே போவார். பிள்ளைகள் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார்.

எனக்கு அந்த மூன்று வாரமும் கொண்டாட்டமாகத்தான் இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. லிஃப்டில் தெரியாதவர்கள்கூட என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்கள். கணவர் மட்டும் தினமும் கீழே போய் வண்டி கூரைக்கு அடியிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

நாலாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் சேர்மன். அவர் வந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. சாவிக்கொத்தை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் சுருட்டிய அச்சு. கணவர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து நின்றார்.

"வஹினி, இந்த மீன் யாரு?"

"மீன்தான் சாஹேப்" என்றேன். இருநூறு வருஷத்துக்கு முந்தைய பதில் தானாக வந்துவிட்டது.

அவர் படத்தை மேசையில் விரித்தார். "நேத்து எங்க வீட்டுல துணி துவைக்கற மெஷினைப் பத்து மணிக்குப் போட்டாங்க. நேரம் தாண்டிப் போடக் கூடாதுன்னு கண்டிச்சேன். என் மனைவி அலமாரிக்குள்ளேர்ந்து இதை எடுத்துட்டு வந்து என் முன்னாடி வச்சா. 'மூணு வாரமாச் சொல்ல வேண்டாம்னு பார்த்தேன்'னா."

அவருடைய மனைவியை நான் அதிகம் பார்த்ததில்லை. பேப்பரில் வரும் குறுக்கெழுத்தைப் பேனாவால் போடுகிறவர், அழிக்கவே மாட்டார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாராம், பிறகு பல் டாக்டர் மூலம் ஒரு பிரதியும் வாங்கி வைத்திருந்திருக்கிறார்.

"நான் ஒத்துக்கலை" என்றார் சேர்மன். "என் சாவி இடது பக்கம். இந்த மீனுக்கு வலது பக்கம் தொங்குது. அப்ப இது வேற யாரோன்னு சொன்னேன். அவ படத்தைக் கண்ணாடி முன்னாடி கொண்டுபோய் நிறுத்தி, இப்பப் பாருங்கன்னா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுத்துகளையெல்லாம் திருப்பிச் செதுக்கிய நான் சாவியை மறந்திருக்கிறேன். "அது என் தப்பு சாஹேப். இடது பக்கம்தான் வந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு, என்ன சொன்னேன் என்பது காதில் விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கணவர் கண்களை மூடிக்கொண்டார்.

சேர்மன் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "முப்பது பேர் வந்தாங்க வஹினி. என் கையாலேயே குத்தி வாங்கிட்டுப் போனாங்க. ஒருத்தர்கூட சொல்லலையே" என்றார். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

அதுவரை இருந்த குஷி எனக்கு அந்த நிமிடத்தில் வடிந்துபோனது. படத்தில் அவரைக் கேலி செய்ததற்காக வருத்தம் வரவில்லை. வரிசையில் நின்றதுதான் சங்கடமாக இருந்தது. அந்தப் பணிவான முகங்களை நினைத்துப் பார்த்தேன், அவற்றில் என்னுடையதுதான் முதலாவது. காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். குடித்தார்.

"என்கிட்ட நேரா வந்து சொல்லியிருக்கலாமே?"

"குரூப்ல எழுத முடியாது சாஹேப். போர்டுலயும் பூட்டு. ஆபீஸுக்கு ரெண்டு தடவை வந்தேன். படிவம் தீர்ந்துபோச்சுன்னு சொன்னீங்க."

அவர் தவளைகளின் பூட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஜப்பான்ல இப்படிப் படம் போட்டவங்களை என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"அபராதம் உண்டு. பலகையைப் பறிமுதல் பண்ணுவாங்க. சிலருக்குக் கைவிலங்கு போட்டு வீட்டுலயே உட்காரவச்சிருக்காங்க."

"கைவிலங்கா? எத்தனை நாளைக்கு?" அந்தக் கேள்வியில் ஆய்வாளர் எட்டிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் மீசையின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

"பலகையைக் கொடுங்க" என்றார்.

பதினைந்து நாள் விரல் கொப்பளிக்கச் செதுக்கிய பலகை. கொடுக்க மனசு வரவில்லை, கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. உள்ளே போய் எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். இரண்டு கையிலும் ஏந்தி மேலும் கீழும் ஆட்டி எடை பார்த்தார். கெளுத்தியின் வயிற்றை விரலால் தடவினார். "இவ்வளவு பெரிசா எனக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சாவிக்கொத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

"நாளைக்கு வண்டிய மழையிலதான் நிறுத்தோணும்" என்றார் கணவர்.

அடுத்த இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அக்டோபரில் பொதுக்குழு கூடியது. புதிய நிர்வாகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கமாகப் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும், அன்று நிற்க இடமில்லை. ஏ கட்டடத்துக்காரர் சேர்மன் பதவிக்குப் போட்டியிடப் போவதாகப் பேச்சு. நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

சேர்மன் மேடையேறினார். சுருளைப் பிரித்து, பின்னாலிருந்த திரையில் நாலு ஊசியால் குத்தினார். கெளுத்தி.

"இந்த மீன் யாருன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்" என்றார். "எனக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சுது. இது நான். பிழையைக் கண்டுபிடிக்கற வேலையில முப்பது வருஷம் இருந்தேன். எல்லாத் தராசையும் சோதிச்சேன். இதைப் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்துட்டு முத்திரையும் குத்தினேன்."

முதலில் வெடித்துச் சிரித்தவர் பல் டாக்டர். கூடம் முழுக்கச் சிரிப்பு. ஒளிந்து சிரித்த சிரிப்பெல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் வெளியே வந்தது மாதிரி இருந்தது. யாரோ கைதட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள். அவர் கை தூக்கி அமைதியாக்கிவிட்டு, ஒரு சார்ட் காகிதத்தைக் காட்டி விளக்கினார். பழைய மோட்டார் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடினால் சூடாகிவிடுகிறது, அதனால்தான் ஏழு மணிக்கு நிறுத்தவேண்டியிருந்தது என்றார். இத்தனை மாதத்தில் இதை அவர் ஒருமுறைகூட எங்களிடம் சொன்னதில்லை. கேட்கும் தகுதி எங்களுக்கு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றவில்லை போலும். மோட்டாரை மாற்றத் தீர்மானம் போட்டார்கள். ஏ கட்டடத்துக்காரர் எழுந்து, தான் போட்டியிடவில்லை என்றார். சேர்மன் மறுபடி சேர்மன் ஆனார், ஏகமனதாக, விசிலோடு.

"உன் படந்தான் ஜெயிக்க வச்சிருச்சு அம்மிணி" என்று திரும்பி வரும்போது கணவர் சொன்னார். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. வண்டி கூரைக்கு அடியிலேயே இருந்தது. "கேலி பண்ணறேன்னு ஆரம்பிச்சே, ஏத்தி உக்கார வச்சுப்போட்டே." உண்மையை அவர் இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

தண்ணீர் இப்போது எட்டரை வரை வருகிறது. குரூப்பையும் திறந்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மட்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் நாங்கள் ஒரு வாரத்துப் பேச்சைப் பேசித் தீர்க்கிறோம்.

கூட்டம் முடிந்த அடுத்த வாரம், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், சேர்மனின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் துணிப்பை. பைக்குள் மூக்குக்கண்ணாடி, பழைய செய்தித்தாள், புத்தம் புதிதாக ஒரு செட் செதுக்கு உளிகள்.

"எனக்கும் கத்துக்கணும்" என்றார்.

"என்ன படம் செய்யணும் காக்கு?" என்றேன். காக்கு என்றால் மராத்தியில் சித்தி.

"அதைப் பிறகு பார்க்கலாம். முதல்ல உளியைப் பிடிக்கச் சொல்லிக் கொடு."

ஒரு பலகைத் துண்டைக் கொடுத்தேன். அவர் பென்சிலால் வரைய ஆரம்பித்தார். நான் பக்கத்தில் போனதும் பரீட்சை எழுதுகிற மாணவி போல் இடது கையை வளைத்துப் படத்தை மறைத்துக்கொண்டார். அதிலிருந்து ஞாயிறுதோறும் வருகிறார். சாப்பாட்டு மேசை முழுக்க மரத்தூள். கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார், அவருக்கு அதில் எந்த ஆட்சேபமும் இல்லை. காக்கு யாரைச் செதுக்குகிறார் என்று இதுவரை எனக்குக் காட்டவில்லை. நாலு கால் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.